பழைய திகில் படங்கள் ஏன் பயமுறுத்தவில்லை என்று கேட்ட ஏற்காட்டு நண்பருக்கு

ஏற்காட்டில் வேலைக்காகத் தங்கியிருக்கும் ஓர் இளைஞர் கேட்ட கேள்வி இது. தாத்தா வாய் ஓயாமல் புகழ்ந்த ‘அந்த நாள்’, ‘யார் நீ?’ என்ற இரண்டு படங்களையும் மழை பிடித்துக்கொண்ட மாலைகளில் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். முதல் படத்தில் பாதியிலேயே தூக்கம் கண்ணைச் சுழற்றியதாம். இரண்டாவதில் வெள்ளைப் புடவை உருவம் வந்தபோது பயத்துக்குப் பதிலாகச் சிரிப்பு வந்ததாம். பழைய மர்மப் படங்களை ரசிக்க எதிலிருந்து தொடங்கலாம் என்று பட்டியல் கேட்பதுபோல் எழுதியிருக்கிறார். அவர் உண்மையில் கேட்பது, அந்தப் படங்களில் இருந்த பயம் காலத்தோடு போய்விட்டதா, இல்லை தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். பட்டியல் போகிற போக்கில் வந்துவிடும்.

சேலத்துத் திரையரங்குகளில் படம் ஓட்டும் ஆபரேட்டராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். கார்பன் குச்சி எரிந்த காலத்திலிருந்து டிஜிட்டல் வரும்வரை அந்தச் சிறிய அறையில் இருந்திருக்கிறேன். ஒரு படம் பெட்டியிலிருந்து திரைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, அது சேரும்போது கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்ன செய்கிறது, இந்த இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகப் பேச முடியும். மனித மனம் ஏன் பயத்தை விரும்புகிறது என்பது என் துறை அல்ல. எந்தப் படம் உயர்ந்தது என்று கீழே நான் சொல்வதெல்லாம் என் ரசனை. அதை நீங்கள் மறுக்கலாம்.

முதலில் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்தது அந்தப் படத்தின் நிழல்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் பயம் முழுவதும் இருட்டுக்குள் இருக்கிறது. அந்த இருட்டு ஒரே கறுப்பு அல்ல. கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு, திரைச்சீலையின் மடிப்பில் ஒரு கறுப்பு, நிற்பவரின் கோட்டில் இன்னொரு கறுப்பு என்று படிப்படியாக இருக்கும். ஆபரேட்டர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: கதையில் பகலில் நடக்கும் காட்சியைவிட இரவில் நடக்கும் காட்சிக்குத்தான் விளக்கு நன்றாக எரிய வேண்டும். இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு நடுவே தாவும் சுடர்தான் படத்துக்கு ஒளி. குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். கூடினால் ஒளி மங்கும், நிறம் மாறும். பகல் காட்சியில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கொலைகாரன் மாடிப்படியில் நிற்கும் காட்சியில் ஒளி சற்றுக் குறைந்தாலும் மாடிப்படி, மனிதன், சுவர் எல்லாம் ஒரே மைக்கூடாகிவிடும். அதனால் படத்தின் மிகப் பயங்கரமான கட்டங்களில் நாங்கள் திரையைப் பார்த்ததைவிடக் கறுப்புக் கண்ணாடி வழியே சுடரைப் பார்த்ததுதான் அதிகம். குமிழைத் திருகித் திருகி இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருப்போம்.

உங்கள் அறையில் குழல்விளக்கு எரிகிறது, கைப்பேசிக் கண்ணாடியில் உங்கள் முகமே பிரதிபலிக்கிறது என்றால் அந்த மைக்கூடுதான் கிடைக்கும். அதற்காகத் திரையின் பிரகாசத்தை முழுவதும் ஏற்றிவிடாதீர்கள், கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். அறை விளக்கை அணையுங்கள், திரையைப் பெரிதாக்குங்கள், பிரகாசத்தை நடுவில் வையுங்கள். ஏற்காட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னலுக்குத் திரைகூட வேண்டியதில்லை. சமவெளியில் இருக்கும் எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

தொலைக்காட்சியில் பார்ப்பதாக இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தக் காலத்துப் படச்சட்டம் கிட்டத்தட்ட நான்குக்கு மூன்று என்ற அளவில் இருக்கும். இன்றைய அகலத் திரையில் அதைக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதே சரி. அந்தப் பட்டையைச் சகிக்காமல் படத்தை இழுத்து நிரப்பினால் முகங்கள் பூசணிக்காயாகிவிடும். பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். படச்சட்டத்தின் மேல் ஓரத்தில் பால்கனியில் ஒரு கை தெரிய வேண்டும் என்று இயக்குநர் வைத்திருப்பார். நீங்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு மர்மம் எங்கே என்று தேடுவீர்கள். இரண்டாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. படச்சுருள் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். புதிய தொலைக்காட்சிகள் பலவும் நடுவில் தாங்களே சட்டங்களை உருவாக்கிச் செருகுகின்றன. அப்போது சிவாஜி கணேசன்கூட நேரலைச் செய்தியில் நடப்பவர்போல் தெரிவார். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

ஒலி இன்னும் முக்கியம். ‘யார் நீ?’ படத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் கைப்பேசியின் ஒலிபெருக்கி என்பது என் ஊகம். 1964இல் வந்த ‘வோ கோன் தீ?’ என்ற இந்திப் படத்தின் தமிழாக்கம் அது. தமிழில் 1966இல் வந்தது. ஜெயலலிதாவும் ஜெய்சங்கரும் நடித்தார்கள். இசை வேதா. ‘நானே வருவேன்’ என்ற பாடலைப் பி.சுசீலா பாடியிருப்பார்; மெட்டு மதன் மோகன் இந்தியில் போட்டது. அந்தப் பாட்டில் பயமுறுத்தும் கருவி என்று எதுவும் கிடையாது. ஒரு பெண்குரல் நிதானமாக, அழைப்பதுபோலவும் எச்சரிப்பதுபோலவும் வருகிறது, அவ்வளவுதான். அந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையைத் திருப்ப வேண்டும். அரங்கில் அது நடக்கும். உள்ளங்கையில் இருக்கும் பெட்டியிலிருந்து வந்தால் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. நல்ல காதொலிப்பான் போட்டுக்கொண்டு அந்த ஒரு பாட்டை மட்டும் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய படத்தில் பாதி வசனத்தில் காட்சி தாவினால் படத்தொகுப்பாளரைத் திட்டாதீர்கள். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் கைபடும் இடங்கள். கீறலும் கிழிசலும் அங்கேதான் வரும். கிழிந்ததை வெட்டி ஒட்டுவோம். ஊர் ஊராகச் சுற்றிய பிரதியில் ஒவ்வொரு ரீல் முடிவிலும் சில வினாடிகள் இப்படிப் போயிருக்கும். படத்தின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப்புள்ளி மின்னி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். ரீல் முடியப்போகிறது, அடுத்த ரீல் இருக்கும் புரொஜெக்டரை ஓடவிடு என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் அடையாளம் அது. சில வினாடி கழித்து வரும் இரண்டாவது புள்ளியில் மாற்ற வேண்டும். அந்தப் புள்ளியை ஒட்டிக் காட்சி தாவினால், அது தேய்ந்த பிரதியின் குறை.

இவ்வளவும் சாதனங்களின் கதை. இதையெல்லாம் சரிசெய்தும் தூக்கம் வரலாம். காரணம், அந்தப் படங்கள் பயத்தை வேறு இடத்தில் வைக்கின்றன. திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் துரூபோவிடம் சொன்ன விளக்கம் பிரபலமானது. இரண்டு பேர் மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குண்டு வெடித்தால் பார்ப்பவருக்கு 15 வினாடி அதிர்ச்சி. குண்டு மேசைக்கடியில் இருக்கிறது, இத்தனை மணிக்கு வெடிக்கும் என்று நமக்கு முன்பே தெரிந்து, பேசுபவர்களுக்குத் தெரியாவிட்டால் 15 நிமிடம் தவிப்பு. இன்றைய படங்கள் அந்த 15 வினாடியை அடிக்கடி தருகின்றன. உங்கள் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. பழைய படம் 15 நிமிடத்தைக் கேட்கிறது. அதைக் கொடுக்காமல் கைப்பேசியில் வேறு செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தவிப்பு அறுந்துவிடும்.

இதைத் தமிழில் அப்பட்டமாகச் செய்துகாட்டிய படம் எஸ்.பாலசந்தரின் ‘பொம்மை’, 1964. ஒரு பொம்மைக்குள் குண்டு. கொல்லப்பட வேண்டியவரிடம் போக வேண்டிய பொம்மை கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றுகிறது. நமக்குத் தெரியும், வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. கே.ஜே.யேசுதாஸ் தமிழுக்கு அறிமுகமான ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ பாடல் இந்தப் படத்தில்தான் வருகிறது. வேறு படமாக இருந்தால் அது ஒரு தத்துவப் பாட்டாகவே போயிருக்கும். இங்கே பாட்டு இனிமையாகப் போகப் போக, அந்தப் பொம்மை என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பில் வயிறு பிசையும். வீணை வித்வான் ஒருவர் படம் எடுத்தால் எங்கே இசை வேண்டும், எங்கே வேண்டாம் என்று எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்பதற்கு பாலசந்தரைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் ஏவி.எம். தயாரிப்பாக வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒவ்வொரு படத்திலும் பாட்டுகள் குவிந்திருந்த காலத்தில் இது எத்தனை பெரிய துணிச்சல்! படத்தின் தொடக்கத்தைத் திரும்பப் பாருங்கள். துப்பாக்கிச் சத்தம். ராஜனாக நடிக்கும் சிவாஜி கணேசன் மார்பைப் பிடித்தபடி நம்மை நோக்கியே சரிகிறார். கதாநாயகன் முதல் நிமிடத்திலேயே செத்துப்போகிறான். கதை நடப்பது ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943இல். பிறகு மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டுக்காரர், காதலி என்று ஒவ்வொருவர் பேச்சிலும் அவன் வேறு வேறு மனிதனாக உயிரோடு திரும்பி வருகிறான். மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும் இருக்கும். பேசுகிறவரின் முகத்தை நம்புவதா, வேண்டாமா என்ற கேள்வியை அந்த ஒளியே கேட்டுவிடுகிறது. யார் கொன்றார்கள் என்பதை மட்டும் துரத்திக்கொண்டு பார்த்தால் நடுவில் தூக்கம் வரத்தான் செய்யும். ராஜன் யார் என்று கேட்டுக்கொண்டு பாருங்கள்.

இந்தப் படம் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ரஷோமோன்’ படத்தின் நகல் என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பலர் பார்வையில் ஒரு சாவைச் சொல்லும் முறை இரண்டுக்கும் பொது என்பது கண்கூடு. அதற்கு மேல் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘ரஷோமோன்’ ஒரே நிகழ்ச்சியை ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லி, உண்மை எது என்பதைத் திறந்தே விடுகிறது. ‘அந்த நாள்’ ஒவ்வொருவரிடமும் கொல்வதற்கு ஒரு காரணத்தைக் காட்டி, கடைசியில் முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. முன்னது உண்மையைப் பற்றிய படம். பின்னது ஒரு மனிதனின் பேராசையைப் பற்றிய படம்.

ஒலியும் இருட்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ குறைந்த செலவில் எடுத்த படம். விலங்கைக் காட்டும் வசதி அவ்வளவாக இல்லை. அதனால் காட்டாமலே விட்டார்கள். இரவில் பூங்காச் சுவரை ஒட்டி ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் சத்தம். விளக்குக் கம்பத்தின் வெளிச்சம், பிறகு இருட்டு, மறுபடி வெளிச்சம். திடீரென்று பின்னாலிருந்த சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் ஓடத் தொடங்குகிறாள். சீறல்! ஒரு பஸ் பிரேக் போட்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரோடு சேர்த்து, இந்த உத்தியை இன்றும் திரைத்துறையினர் ‘பஸ்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அந்தச் சீறல் வேலை செய்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் இருந்த நீண்ட அமைதி. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி பஸ் கியர் மாற்றும் சத்தத்தை மூடுபனிக்குள் கேட்டவர் நீங்கள். இது உங்களுக்கு யாரும் விளக்க வேண்டிய விஷயம் அல்ல.

‘புதிய பறவை’ (1964) இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது. 1958இல் வந்த ஆங்கிலப் படம் ஒன்று வங்காளத்தில் ‘சேஷ் அங்கா’வாகி, பிறகு தமிழுக்கு வந்தது. இறந்துபோன மனைவி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்து நிற்கிறாள். அவள் மனைவி அல்ல என்று கணவனுக்குத் தெரியும், நிரூபிக்க முடியவில்லை. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ரயில் வரும்போது சிவாஜியின் முகத்தை மட்டும் கவனியுங்கள். சாதாரண ரயில் சத்தம் ஒரு மனிதனை ஏன் இப்படி ஆட்டுகிறது என்ற கேள்வியைப் படம் ஆரம்பத்திலேயே விதைத்துவிட்டு, நிதானமாகக் காத்திருக்கிறது. முடிவு தெரிந்தபின் இரண்டாவது முறை பார்த்தால்தான் சௌகார் ஜானகியும் சரோஜா தேவியும் எவ்வளவு நுட்பமாக நடித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

நம் ஊரைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. நீங்கள் சேலத்திலிருந்து மலையேறும் சாலையில் இருக்கும் அலங்கார வளைவு, டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயிலாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த நிறுவனம். மர்மக் கதையில் அவர்களுக்குத் தனி ருசி இருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து எடுத்த ‘திகம்பர சாமியார்’ 1950இல் வந்தது, எம்.என்.நம்பியார் அதில் 11 வேடங்களில் வருவார். சுந்தரம் 1963இல் மறைந்தபின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘எதிரிகள் ஜாக்கிரதை’ (1967), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) என்று துப்பறியும் படங்கள் வரிசையாக வந்தன. ஊர்ப்பாசத்தை ஒதுக்கிவைத்துச் சொன்னால், அறுபதுகளின் இந்தப் படங்கள் வேகத்துக்கும் குதூகலத்துக்கும் உரியவை. ரகசியக் கதவு, சுழலும் நாற்காலி, ஜெய்சங்கரின் சுறுசுறுப்பு, வேதாவின் இசை. பயத்தை எதிர்பார்த்து இவற்றில் உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கொண்டாடுவீர்கள். இந்தக் காட்சியை இந்தக் கொண்டை ஊசி வளைவில்தான் எடுத்தார்கள் என்று மலைப்பாதையில் பலர் கைகாட்டுவார்கள். ஆசையோடு கேட்டுக்கொள்ளுங்கள்; அதை வரலாறாக எழுதிவிடாதீர்கள்.

எல்லாக் குறையையும் பிரதியின் தலையிலும் கைப்பேசியின் தலையிலும் போடுவது நியாயமாகாது. பழைய மர்மப் படங்களில் உண்மையாகவே சோர்வடைய வைக்கும் பகுதிகள் உண்டு. கதையோடு ஒட்டாத நகைச்சுவை திகிலின் நடுவே வந்து நிற்கும். கடைசியில் ஒருவர் எல்லோரையும் நிற்கவைத்து ரீல் கணக்கில் விளக்கம் சொல்வார். பயந்து மயங்கி விழும் வேலை பெண்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிடிக்காததைப் பிடிக்காது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, தாத்தா கோபித்துக்கொண்டாலும்.

வரிசை கேட்டீர்கள். முதலில் ‘புதிய பறவை’. வண்ணப்படம், பாட்டுகள் உங்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகும். அடுத்து ‘பொம்மை’. மூன்றாவதாக ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963); பாழடைந்த மாளிகையும் முற்பிறவியும் சேர்ந்த கதையில் வின்சென்ட்டின் ஒளிப்பதிவு என்ன செய்திருக்கிறது என்பதை மலைவாசியான உங்களால் நன்றாகவே உணர முடியும். பிறகு ‘அதே கண்கள்’ (1967), ‘நடு இரவில்’ (1970). இரண்டாவது பாலசந்தருடையது, ஒரு வீட்டில் கூடும் உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகும் கதை. இவ்வளவுக்குப் பிறகு ‘அந்த நாள்’ படத்துக்குத் திரும்புங்கள். அதற்கும் பிறகு பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980). இளையராஜாவுக்கு அது 100ஆவது படம். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வின் சாயல் தெரியும். தாத்தாவுக்குப் பிடித்த உலகத்திலிருந்து இன்றைய திகில் படங்களுக்கு வரும் வாசல் அதுதான்.

எந்தப் படத்தையும் முதல் நிமிடத்திலிருந்து, ஒரே இருப்பில் பாருங்கள். ‘சைக்கோ’ 1960இல் வெளியானபோது தொடங்கியபின் வருபவர்களை உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் அரங்குகளுக்கு நிபந்தனை போட்டார். 1955இல் வந்த ‘லே தியாபோலிக்’ என்ற பிரெஞ்சுப் படம் முடிவை மற்றவர்களிடம் சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோளோடு முடிகிறது. இரண்டும் வெறும் விளம்பரம் என்று சிலர் சொல்வார்கள், விளம்பரமும்தான். ஆனால் பாதியில் நுழைந்தவர் எப்படி அரங்கையே கெடுப்பார் என்பதை மேலேயிருந்து பார்த்தவன் நான். அதனால் பார்க்கும் முன் கதைச்சுருக்கம் படிக்காதீர்கள், காணொளிகளுக்குக் கீழே இருக்கும் கருத்துகளைப் பக்கத்திலேயே அண்டவிடாதீர்கள்.

தனியாகப் பார்ப்பதா, கூட்டமாகவா? பயம் தொற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திகில் கட்டம் நெருங்கும்போது இருமல் நிற்கும், பெஞ்சுகளின் கிறீச்சொலி நிற்கும், கடலை கொறிக்கும் சத்தமும் அடங்கும். கேபின் துளை வழியே அந்த நிசப்தம் மேலே ஏறி வரும். அந்த அரங்கு இப்போது உங்களுக்குக் கிடைக்காது. பேசாமல் பார்க்கத் தெரிந்த இரண்டு மூன்று நண்பர்கள் போதும். முன்பே பார்த்த ஒருவர் இருந்தால் அவரைப் பின்னால் உட்காரவையுங்கள். அவர் முகம் கதையைக் காட்டிக்கொடுத்துவிடும். குழந்தைகள் விஷயத்தில் என்னால் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. பழைய படம்தானே என்று மட்டும் எண்ண வேண்டாம். இருட்டும் காத்திருப்பும் அவர்களை நம்மைவிட ஆழமாகப் பிடிக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மலையில் மழைக்காலத்தில் மின்சாரம் போவது வழக்கம். படம் நடுவில் நின்றுவிட்டால், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்தக் காட்சி எங்கே தொடங்கியதோ அங்கே போய் மீண்டும் ஓடவிடுங்கள். கட்டிவைத்த தவிப்பு நின்ற இடத்தில் காத்துக்கொண்டிருக்காது. அதை மறுபடி முதலிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.